கத்தியை நனைத்துப் பாருங்கள்

மிளகுக் கொடி திடீரென்று வாடிப்போகிற நோய் ஒன்று இருக்கிறது. கொல்லிமலையில் மிளகு வைத்திருப்பவர்களைக் கேட்டால் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். அதைத் தடுக்க போர்டோ கலவை என்று ஒரு மருந்து. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது.

இந்தக் குறிப்பை யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, துண்டுப் பிரசுரமாக அடித்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் ஒரு 'ஐ'யும் ஒரு 'இல்'லும் இடம் மாறிவிடுகின்றன. அவ்வளவுதான். வாசலூர்பட்டியில் இருக்கிற விவசாயி எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, "இங்கிலீஷ்ல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்கப் போவதில்லை. அச்சில் இருப்பதை நம்பி ஊற்றுவார். கலவை கெட்டு, கொடியும் போனால், "நம்ம நேரம்" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். மொழிபெயர்த்தவர் மேல் அவருக்குச் சந்தேகம்கூட வராது.

மொழிபெயர்ப்புத் தொழிலின் விசித்திரமே இதுதான். அது யாருக்குத் தேவையோ, அவரால் அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை. சட்டையில் பட்டன் இல்லாவிட்டால் போடுகிறவருக்குத் தெரியும். மொழிபெயர்ப்பில் ஒரு 'அல்ல' விட்டுப்போனால் படிக்கிறவருக்குத் தெரியாது.

அதனால்தான் இதை வெறும் திறமைப் பிரச்னையாக மட்டும் பார்க்க முடியவில்லை. இது தர்மப் பிரச்னை. பிழை செய்கிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் இன்னொருவர்.

2018 மே 6-ம் தேதி நடந்த நீட் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆண்டு அதை நடத்தியது சி.பி.எஸ்.இ. தமிழில் எழுதியவர்கள் சுமார் 24 ஆயிரம் பேர். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று டி.கே.ரங்கராஜன் எம்.பி. வழக்குப் போட்டார். கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி, ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் அந்தத் தீர்ப்பே ரத்தாகிவிட்டது.

எந்தத் தீர்ப்பு சரி என்று பஞ்சாயத்து செய்ய நான் வரவில்லை. எல்லோருக்கும் 196 என்றால், பிழையான கேள்வியிலும் சரியான விடையை ஊகித்தவனுக்கும் அதே மதிப்பெண், திணறியவனுக்கும் அதே மதிப்பெண். ஆங்கிலத்தில் எழுதியவன், "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்பான். ஒன்றும் கொடுக்காவிட்டால், தமிழில் எழுதியவன் அதையே கேட்பான். பிழை நடந்து முடிந்த பிறகு, யாருக்கும் அநியாயம் இல்லாத பரிகாரம் என்று ஒன்று கிடையாது.

என்னை உறுத்துவது தேர்வு விதிகளில் இருந்த ஒரு வரி. மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஒரு நிர்வாகத்துக்கு இது சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் இதற்கு அர்த்தம் என்ன? 'உனக்கு ஆங்கிலம் சிரமம் என்பதால் தமிழில் தருகிறோம். தமிழில் தப்பு இருந்தால் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்.' நீச்சல் தெரியாதவனைப் பரிசலில் ஏற்றிவிட்டு, ஓட்டை இருந்தால் நீந்திக்கொள் என்கிற மாதிரி இல்லை?

சரி, என்ன செய்வது?

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது, கணக்கு எழுதியவரே தணிக்கை செய்யக் கூடாது என்பது. அவர் திருடர் என்பதால் அல்ல. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால். மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கு 2015-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 17100 என்ற சர்வதேசத் தரமும் இதையேதான் சொல்கிறது. மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.

ஆனால் அந்த இரண்டாவது ஆளிடமும் ஒரு சிக்கல். அவர் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறார். தமிழில் இல்லாத அர்த்தத்தையும் அவர் மனசு ஆங்கிலத்திலிருந்து எடுத்து நிரப்பிவிடும். "எல்லாம் கரெக்டா இருக்கே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

போர்டோ கலவைக்கு ஒரு சோதனை உண்டு. இரும்புக் கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். செம்பு நிறத்தில் படிவு ஒட்டினால் கலவை இன்னும் சரியாகவில்லை. சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். செடியில் அடித்த பிறகு இல்லை, அடிப்பதற்கு முன்னால்.

மொழிபெயர்ப்புக்கும் அந்தக் கத்தி இருக்கிறது. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, "இதைப் படிச்சா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்பதுதான். உலக சுகாதார நிறுவனம் தன் கேள்வித்தாள்களை மொழிபெயர்க்கும்போது, இன்னொருவரை விட்டு மூலமொழிக்குத் திரும்ப மாற்றிப் பார்க்கச் சொல்கிறது. சாதாரண ஜனங்களிடம் கொடுத்துப் பேசிப் பார்க்கவும் சொல்கிறது. வினாத்தாளை வெளியே காட்ட முடியாது, நியாயம்தான். தமிழ் வழியில் பாடம் நடத்துகிற ஓர் ஆசிரியரை அதே ரகசியக் காவலுக்குள் உட்காரவைக்க முடியாதா?

மொழிபெயர்ப்பையே பிழைப்பாக வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். "சார், சாயங்காலம் ஃபைலை அனுப்பிட்டு விடியறதுக்குள்ள வேணுங்கறாங்க. ரேட்டையும் குறைக்கறாங்க. இப்ப மெஷின் பண்ணிக் கொடுத்துடுது, நீங்க சும்மா ஒரு தடவை பார்த்தா போதும்னு வேற சொல்றாங்க." அவர் வருத்தம் புரிகிறது. மெஷினின் தமிழ் இன்றைக்குச் சரளமாகவே இருக்கிறது. அதுதான் பயம். தடுமாறுகிற வாக்கியம் நம்மை நிறுத்தும். வழுக்கிக்கொண்டு போகிற வாக்கியத்தில் தப்பும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே காசு கொடுக்கிற கம்பெனிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. சரிபார்ப்பதற்கு நாளும் பணமும் ஒதுக்க முடியவில்லையா? அப்படியென்றால், சந்தேகம் வந்தால் மூலமே இறுதி என்ற அந்த வரியையாவது எடுத்துவிடுங்கள். உங்கள் தமிழை நம்பினவருக்கு நஷ்டம் வந்தால் அது உங்கள் நஷ்டம் என்று எழுதுங்கள். ஒரே ஒரு முறை அப்படி எழுதிப் பாருங்கள். கத்தி தானாகவே வந்துவிடும்.