மறைக்காதே, மனுப் போடு!

கோயில் கொடையில் இரண்டு தெருக்காரர்களுக்குள் அடிதடி. வேடிக்கை பார்க்க நின்றவன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. அவன் ஐ.டி.ஐ. முடித்தவன், வெல்டிங் கைவந்தவன், வளைகுடா வேலைக்கு நேர்காணலிலும் தேறியவன். போலீஸ் வெரிபிகேஷனில் வழக்கு இருப்பது தெரிந்து பாஸ்போர்ட் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவன் தலை நிமிர்ந்து நடப்பதில்லை. "கேஸ் உள்ளவனுக்கு ஏதுப்பா வெளிநாடு?" என்று டீக்கடையில் எவரோ சொன்னதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு முடங்கிவிட்டான்.

தம்பி, அந்த இளைஞன் நீயாக இருந்தால், முதலில் எழுந்து உட்கார். டீக்கடை சொன்னது தீர்ப்பல்ல. உண்மையான தீர்ப்பு 1967-லேயே வந்துவிட்டது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அதை இன்னும் உரக்கச் சொன்னது: நியாயமான நடைமுறை இல்லாமல் எவருடைய பாஸ்போர்ட்டையும் பறிக்க முடியாது. இந்த உரிமை உனக்கும் சேர்த்துத்தான் வாங்கப்பட்டிருக்கிறது.

சட்டம் உன்னைத் தடுக்கவே தடுக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் பூட்டுக்கு 1993 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசே ஓர் அறிவிக்கை மூலம் சாவி கொடுத்திருக்கிறது. வழக்கு நடக்கும் அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வெளிநாடு செல்ல அனுமதி ஆணை வாங்கி, அழைக்கும்போது ஆஜராவேன் என்று எழுதிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். உன் வழக்கு இன்னும் போலீஸ் விசாரணை நிலையிலேயே இருக்கிறதா? குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்புக்கு எடுக்காதவரை வெறும் எஃப்.ஐ.ஆர். இந்தப் பிரிவில் சேராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் யாரும் சொல்லவில்லை. நீயும் போய்க் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்!

நீ கேட்காமல் ஒதுங்கி நிற்கும்போதுதான் புரோக்கர் வருகிறான். "கேஸ் இல்லைன்னு போட்டுடு, மேலே நான் பார்த்துக்கறேன்" என்கிறான். விண்ணப்பத்தில் உன்மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்று ஒரு கேள்வி வரும். பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள். 'இல்லை'யில் குறி போடுவது ஒரு நொடி வேலை. ஆனால் உண்மையை மறைத்தால் அதே சட்டத்தின் 12-வது பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அடிதடி வழக்கில் விடுதலை ஆகக்கூடியவன், பொய் சொன்ன வழக்கில் குற்றவாளி ஆவான். அமெரிக்க விசா படிவம் இன்னும் கறார்: மன்னிப்பே பெற்றிருந்தாலும், எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. பழைய குற்றத்துக்குக்கூட விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். பொய் சொல்லிப் பிடிபட்டவனுக்கு வாழ்நாள் தடை விழக்கூடும்.

நீ உண்மையிலேயே தவறு செய்து தண்டனை அனுபவித்தவனா? உன்னிடமும் பேசுகிறேன். ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவனுக்கு நம் சட்டம் பாஸ்போர்ட்டை மறுப்பது, தீர்ப்புக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளுக்குத்தான். ஆயுள் முழுவதும் அல்ல! கனடாவில் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஆனவர், திருந்திவிட்டேன் என்று சான்றுகளோடு விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்து ஆண்டை மூலையில் படுத்துக் கழிக்கப் போகிறாயா, தொழில் கற்று நல்ல பெயர் எடுக்கப் போகிறாயா?

நெல்சன் மண்டேலாவை நினைத்துப் பார். 1962-இல் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தார்கள். அதில் இரண்டு ஆண்டு, பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்கு! எல்லை தாண்டியதே குற்றம். பிறகு ஆயுள் தண்டனை, 27 ஆண்டு சிறைவாசம். 1994-இல் அதே நாட்டின் அதிபரானார். அப்போதும் அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போகவில்லை. அதை நீக்க 2008 ஜூலையில் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அவருக்கு 90 வயது நிறையப் போகும் நேரம். அதுவரை அவர் அமெரிக்காவுக்குள் நுழையச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. நோபல் பரிசு வாங்கிய மனிதர், கேட்க வேண்டிய அனுமதியைக் கேட்டே போனார். அதனால் அவர் உயரம் ஓர் அங்குலமும் குறையவில்லை. மாஜிஸ்திரேட் முன் அனுமதி கேட்டு நிற்க உனக்கு என்ன கூச்சம்?

திங்கட்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பு. வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். நகல், வேலைக்கான கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார். பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கும், அங்கே போ. ஜாமீன் நிபந்தனை ஏதும் குறுக்கே நின்றால் அதைத் தளர்த்தவும் சேர்த்துக் கேள். மனுவில் இத்தனை ஆண்டுக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்று காலத்தைக் கட்டாயம் குறிப்பிடச் சொல். ஆணையில் காலம் இல்லாவிட்டால் ஓர் ஆண்டுக்குத்தான் தருவார்கள். மறு ஆண்டு அதே படியை நீ மறுபடி ஏற வேண்டியிருக்கும்.