கல் நடந்த தூரம்

சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். கரைவலைத் தோணி இன்னும் இறங்கவில்லை. அலை திரும்பிய ஈரத்தில் மை இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. கொஞ்சம் அள்ளி, பையில் கிடந்த மகனின் விளையாட்டுக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். சில துணிக்கைகள் மயிர்போல் எழுந்து ஒட்டிக்கொண்டன. ஒட்டாததில் மாதுளை முத்து நிறத்தில் இரண்டு மூன்று: கார்னெட். பாரமானவை. வெண்மணலை இழுத்துப் போகும் அலை இவற்றை விட்டுவிட்டுப் போகிறது.

ஊரின் பெயர் கல்முனை. கிணறு தோண்டினால் மணல்தான் வருகிறது.

*

வாப்பாவோடு வயல் வட்டைக்குப் போன காலத்தில், வரம்பில் நின்று மேற்கே பார்ப்பார். "மலை கிட்டத் தெரியிது மகன், மழை வரும்." பல நாள் வரவில்லை. அதற்காக அவர் பார்ப்பதை நிறுத்தவுமில்லை.

*

வாப்பா பார்த்த அந்த மேற்கில்தான், 1954இல் கல் ஓயா தேசியப் பூங்காவாக்கிய பகுதியில், தனிகல, நில்கல மலைகள். பாறை விஜயன் தொகுதி நைஸ். வயது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு. இப்படித் தனித்து நிற்கும் மலையை எங்கள் பள்ளிப் புத்தகம் 'எச்சக்குன்று' என்றது. பொருத்தமான சொல். மலை எழுந்து வரவில்லை. வெடிப்பு அதிகமிருந்த பாறையெல்லாம் சுற்றிலும் கரைந்து போக, வெடிப்புக் குறைந்தது மிஞ்சி நிற்கிறது. மேலிருந்த பாரம் கழியக் கழியப் பாறை விரிந்து, பழைய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு கழலுவதுபோல் தகடு தகடாய் விடுகிறது. இடுக்கில் மழைநீர் இறங்குகிறது. பாறையிலுள்ள பெல்ஸ்பார் கனிமம் இளகிக் களியாகிறது. குவாட்ஸ் இளகுவதில்லை, மணலாகிறது. வாப்பாவின் காலில் ஒட்டிய சேறும் என் செருப்பில் ஏறிய மணலும் ஒரே கல்லின் இரண்டு பங்கு.

இரண்டையும் கொண்டு வந்தது பட்டிப்பளை ஆறு. இப்போது கல் ஓயா என்கிறோம். சிங்களத்திலும் கல் கல்தான். கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. அங்கிருந்து மணலைக் கரையோரமாய் வடக்கே தள்ளுவது கடலின் வேலை.

1949இல் இங்கினியாகலையில் அணை வேலை தொடங்கியது. வயலுக்குத் தண்ணீர் வந்தது. மலையிலிருந்து புறப்படும் மணல், அணை தேக்கிய சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியில் படுத்துக்கொள்கிறது.

*

அஸருக்குப் பிறகு ஒலுவிலுக்குப் போனேன். 2013இல் அங்கே துறைமுகம் திறந்தார்கள். அலைதடுப்புக்குத் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அரிப்பைத் தடுக்க லொறியில் கருங்கல் வந்தது. ஆறு நீண்ட காலமெடுத்துப் பொடியாகக் கொண்டுவந்த கல்லை நாங்கள் சில மணித்தியாலத்தில் முழுசாகவே கொண்டுவந்து போட்டுவிட்டோம்.

ஒன்றில் உட்கார்ந்தேன். வெள்ளையும் கறுப்புமாய் வரிகள், நடுவே இளஞ்சிவப்பு. ஓரத்தில், வெடி வைக்கக் குடைந்த துளையின் பாதி, ஒரு சாண் நீளம். அதற்குள் ஒரு நண்டு. என் நிழல் பட்டதும் இன்னும் உள்ளே போய்விட்டது.