மூஞ்சூறும் பயன் என்னும் அளவுகோலும்

கோப்பாயில் மூஞ்சூற்றை அறியாத வீடு இல்லை. இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் அதனை நாற்றம் பொறாது விரட்டுகிறோம். விடிந்ததும் பிள்ளையாரின் வாகனம் என்று வணங்குகிறோம். எலியைப் போலத் தோன்றினும் அது எலியினம் அன்று. புழுபூச்சிகளைத் தின்று வாழும் வேறோர் இனம்.

அதன் உறவினம் ஒன்று மலைநாட்டில் உண்டு. 1929இல் பிலிப்ஸ் என்னும் ஆய்வாளர் விவரித்த நெடுவால் மூஞ்சூறு அது. ஈரம் உலராத காட்டிலே, உக்கும் இலைகளின் கீழும் வீழ்ந்த மரங்களின் அடியிலும் பூச்சிகளைத் தேடித் திரிவது. இத்தீவுக்கு வெளியே அவ்வினம் எங்கும் இல்லை. எஞ்சிய காடும் துண்டுதுண்டாகச் சிதைவதால், இங்கும் அது அருகி வருகிறது.

வகுப்பிலே இதனைக் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “அது அழிந்தால் எங்களுக்கு என்ன நட்டம், சேர்?” என்றான். நண்பர் ஒருவரின் கேள்வி இதனினும் கடுமையானது: “லயன் அறைகளில் மனிதர் வாடுகையில் மூஞ்சூற்றுக்கு இரங்குவதா?”

இரண்டுக்கும் விடை அம்மலைகளிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்காடுகளைக் கோப்பிக்காக அழித்தது தோட்ட முதலாளித்துவம். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி வீழ, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோடரி பிடித்த கை தமிழகத்திலிருந்து வந்த கூலியாளுடையது; ஆயினும் வெட்டிய நிலத்தில் ஒரு சாண்கூட அவனுக்குச் சொந்தமாகவில்லை. காட்டை ஏக்கராகவும் மனிதனைக் கையாகவும் எண்ணிய கணக்கு ஒன்றே. அந்த உழைப்பாளரின் வழிவந்தோரில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

மனிதனும் மூஞ்சூறும் சமம் என்று நாம் வாதிடவில்லை. காட்டின் பெயரால் தொழிலாளியின் காணியுரிமையை மறுப்பதும் அநீதியே. ஏற்கெனவே வெட்டப்பட்ட பெருந்தோட்ட நிலத்திலிருந்து அவனுக்குக் காணி வரட்டும். எஞ்சிய காடு நிற்கட்டும்.

மூஞ்சூறு பூச்சியைத் தின்று பயிரைக் காக்கும் என்று சொல்லி மாணவனின் வாயை அடைத்திருக்கலாம். அதுவும் பயன் என்னும் பழைய அளவுகோலே. ஆகவே, “நட்டம் ஒன்றும் இல்லாமலும் போகலாம்” என்றே கூறினோம். ஆனால் நமக்கு நட்டமில்லாதது அழியலாம் என்பதை நீதியாக ஏற்றுக்கொண்டால், அந்த நீதி மூஞ்சூற்றோடு நின்றுவிடாது. அது மனிதர்மேலும் பாய்ந்ததை இந்நாடு ஒருமுறை கண்டிருக்கிறது.