வீட்டு மதுவும் மனச்சாட்சியும்



இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உத்தியோகம் பார்க்கும் மகன், ஓய்வு நாட்களில் வீட்டிலேயே பீரும் தேன்மதுவும் தயாரிப்பதாக எழுதினால், "நம் பிள்ளை சாராயம் காய்ச்சுகிறானா!" என்று தாய் கலங்குவது இயல்பு. இது பாவமா, அல்லவா?

முதலில் காரியம் இன்னதென்று அறிவோம். பார்லியை நனைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். அதை வெந்நீரில் ஊறவைக்க, அதிலுள்ள மாவு சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் அது புளித்துப் பீராகும். தேனும் நீரும் புளித்தால் தேன்மது. அது தெளிந்து பக்குவப்பட மாதங்கள் செல்லும். நம் சங்கப் புலவர்களும் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைப் பாடியிருக்கிறார்கள். இதில் வாலை வடித்தல் இல்லை. ஆகையால் இது சாராயம் காய்ச்சுவதன்று.

இங்கிலாந்தில் 1963 முதல் இதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-ல் இயற்றிய சட்டம், வயது வந்தோர் இருவருள்ள வீட்டுக்கு ஆண்டிற்கு 200 காலன் பீர் வரியின்றித் தயாரிக்க இடங்கொடுத்தது, விற்க இடங்கொடுக்கவில்லை. அங்கும் அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013-ல்தான் இதை அனுமதித்தன. தமிழ்நாட்டிலோ 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

ஒரே செய்கை அங்கே பொழுதுபோக்கு, இங்கே குற்றம் என்றால், தர்மம் ஊருக்கு ஊர் மாறுமோ? மாறாது. சில செய்கைகள் தம்மிலே தீயவை. சில, சட்டம் விலக்குவதால் மட்டும் விலக்கப்பட்டவை. அறிவு மயங்கக் குடிப்பது எந்தத் தேசத்திலும் பாவம். திராட்சை இரசம் தன்னிலே தீயதானால் நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்தில் அதை அளித்திருப்பாரோ? மது தயாரிப்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எனவே அங்கே உள்ள மகன் பாவஞ் செய்கிறான் என்று தீர்ப்பிடாதீர்கள். அவனுக்குள்ள உரிமையைக் காட்டி இங்கே பானையை ஏற்றவும் வேண்டாம்.

"அரசாங்கமே கடை வைத்து விற்கிறதே, கிறிஸ்துமசுக்கு நாங்கள் ஒரு ஜாடி திராட்சை இரசம் போட்டால் என்ன?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தில் முரண்பாடு இருப்பதாலேயே அது நம்மைக் கட்டுப்படுத்தாமற் போய்விடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உங்கள் ஜாடியில் மெத்தனாலை யாரும் கலக்கப்போவதில்லை, அது மெய். ஆயினும், "என்னுடையது தீங்கற்றது" என்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விலக்கு அளித்துக்கொண்டால், ஏழையைக் காக்கும் வேலி எங்கே நிற்கும்?

அனுமதியுள்ள தேசத்திலும் இரண்டு ஆபத்துகள் உண்டு. கடையில் வாங்குகிறவனுக்குப் பணப்பை ஒரு காவல். ஒவ்வொரு புட்டிக்கும் அது கணக்குக் கேட்கும். வீட்டிலே ஒரு தடவையில் 20 லிட்டர் தயாரித்து வைத்தவனுக்கு அந்தக் காவல் இல்லை. அவனுக்கு மட்டசனம் என்னும் புண்ணியமே காவலாக வேண்டும்.

இரண்டாவது ஆபத்து கைவேலைப் பெருமை. "நானே செய்தது, ஒரு வாய் குடித்துப் பார்" என்று விருந்தினனை வற்புறுத்துவோம். கடைச் சரக்கை மறுப்பது எளிது. நண்பன் மாதக்கணக்கில் காத்திருந்து செய்ததை மறுப்பது அவனையே மறுப்பதுபோல் தோன்றும். அந்த விருந்தினன் குடியை விட்டு மூன்று மாதமே ஆனவனாக இருக்கலாம். அவன் வெட்கத்தால் தன் நிலையைச் சொல்லவுமாட்டான். அந்த ஒரு குவளை அவன் மனைவி மக்களின் சமாதானத்தையே குலைத்துவிடும். சகோதரனுக்கு இடறலாகுமானால் இரசத்தையும் விலக்குவது நல்லது என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதியதன் கருத்து இதுவே. தயாரித்தவனுக்கு அந்தப் பானத்தின் மேல் உரிமை உண்டு. பிறனுடைய பலவீனத்தின் மேல் உரிமை இல்லை.

ஆகையால், பெற்றோரே, உங்கள் மகனுக்குக் கோபமாய் எழுதாதீர்கள். அவ்விடத்துச் சட்டத்தை மீறாதே, அளவை மறவாதே, வேண்டாம் என்றவனுக்கு இரண்டாந்தரம் நீட்டாதே என்று மட்டும் எழுதுங்கள். அவன் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பியும் தயாராய் இருக்கட்டும்.