தகுதி முன்னோ, உதவி முன்னோ?

குடியிலும் போதைமருந்திலும் வீழ்ந்து வீதியிற் கிடப்பானொருவனுக்கு, அவன் திருந்தியபின் வீடு கொடுத்தல் அறமோ, திருந்துமுன் கொடுத்தல் அறமோ என்பது அமெரிக்க தேசத்திலே நெடிது ஆராயப்பட்ட வினாவாகும். அங்ஙனங் கிடந்தோருட் பலர் தம் நாட்டின்பொருட்டுப் போர் செய்து மீண்ட படைவீரர். 2010ஆம் ஆண்டு சனவரியில் ஓரிரவிலே எண்ணியபோது, வீடற்ற முன்னாட் படைவீரர் ஏறத்தாழ 74,000 பேர்.

குடியை விட்டபின் வீடு பெறுக என்பது பழைய முறை. 1992இல் நியூயோர்க் நகரிலே, மனநோயுற்று வீதியில் வாழ்ந்தோர்க்கு அந்நிபந்தனையின்றி முதற்கண் வீடே கொடுக்கும் முறை தொடங்கிற்று. அரசினரும் 2012இல் இம்முறையை முன்னாட் படைவீரர்க்கு மேற்கொண்டு, வாடகைக்குப் பொருளுதவி, அடுத்தடுத்துச் சென்று விசாரிக்கும் ஊழியரையும் அமைத்தனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கிலே அத்தொகை ஏறத்தாழ 33,000 ஆயிற்று.

தகுதியில்லானுக்குக் கொடுத்தல் தீமையை வளர்ப்பதாகாதோவெனின், ஆகாது. நியூயோர்க் ஆராய்ச்சியிலே, முதலில் வீடு பெற்றோருட் பெரும்பாலார் அதனை இழவாது வாழ்ந்தனர். அவர்தங் குடி பழைய முறையிற் பட்டோர் குடியினும் மிகவில்லை. குறையவுமில்லை என்பதனையும் யாம் மறைத்தலாகாது. வீடு மருந்தன்று, மருந்துண்டற்கு இடமாம். இடத்தின் வலி பெரிது. 1971இல் வியட்நாமினின்று மீண்ட வீரரை லீ றொபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தபோது, ஆண்டு ஹெரொயினுக்கு அடிமைப்பட்டோருட் பெரும்பாலார் ஊர் வந்தபின் மீள அடிமைப்படாமை கண்டார்.

சைவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆணவ இருளில் அறிவு மழுங்கிக் கிடந்த ஆன்மாவுக்கு, அது தூயதாகும்வரை காத்திராது, தனு கரண புவன போகங்களை இறைவன் ஈந்தருளினான் என்பது சித்தாந்தம். வினைக்கீடாகக் கொடுப்பினும், கொடுத்தது மலநீக்கத்தின்பொருட்டே. தூய்மை கண்டே கொடுப்பானாயின் நாம் உடம்பு பெறுமாறு யாங்ஙனம்? உடம்பு முத்தியன்று, முத்திக்கு முயலுமிடம். மலம் பக்குவப்படக் காலமும் வேண்டும், குருவும் வேண்டும். வீடு கொடுத்தமையோடமையாது ஊழியரையும் அனுப்பியமை இதனோடு ஒருபுடை ஒக்கும்.

ஆசிரியர்களே, களவும் பொய்யும் பழகிய மாணாக்கனைத் திருந்தி வாவென்று புறத்தே தள்ளுதல் எளிது. ஆயின், அவன் திருந்துதற்குரிய இடம் தெருவன்று. நம் வகுப்பின் வாங்கே. அவனை அங்கிருத்தி நாடோறும் விசாரித்தல் வருத்தமுடைத்து. சிவன் நமக்குச் செய்ததோ அதனினும் பெரிது.