தலைவாசல் சாவி

"பங்கு வேணாம்ணே. தலைவாசல் சாவி ஒண்ணு குடுத்துடுங்க, போதும்."

எளாவூரில் தெரிந்த குடும்பம். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை. விடுதலைப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சிப்காட்டும் நெடுஞ்சாலையும் மனை விலையை எங்கோ ஏற்றிவிட்ட பக்கம் அது. அங்கே தங்கை பங்கை விட்டுக்கொடுத்ததில் யாருக்கும் வியப்பில்லை. சாவி என்றதும்தான் பேச்சு நின்றது. பெரியவர் சிரித்துச் சமாளித்தார்: "ஏம்மா, நீ வந்தா கதவத் தொறக்க மாட்டோமா?"

திறப்பார்கள், சந்தேகமே இல்லை. அத்தை என்று பிள்ளைகளும் ஓடிவருவார்கள். ஆனால் தட்டிவிட்டு நிற்பதும் தானே திறந்துகொண்டு நுழைவதும் ஒன்றா? பஜாரில் சாவி போடுகிறவருக்குப் பத்து நிமிட வேலை. அதற்கா இத்தனை தயக்கம்?

சின்ன வயதில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். கண்ணன் தூது வரும் இரவில் மட்டும் நான் தூங்கமாட்டேன். பாதி நாடு இல்லையா, ஐந்து ஊர் கொடு. அதுவும் இல்லையா, ஐந்து வீடாவது கொடு. நாடாண்டவர்களுக்கு ஐந்து வீடு எதற்கு என்று அப்பாவை நச்சரிப்பேன். "பேசாம பாருடா" என்பார். துரியோதனன் மறுத்தது கஞ்சத்தனத்தால் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டைக் கொடுத்தாலும் அவர்களுக்குப் பாத்தியதை உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

சட்டமும் வெகுகாலம் வாசலிலேயே தயங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை அவள் பிரித்துக் கேட்க முடியாது என்றது அதன் 23ஆம் பிரிவு. மணமாகாதவள், கைம்பெண், கணவனைப் பிரிந்தவள், கைவிடப்பட்டவள் அங்கே குடியிருக்கலாம். வாழ்க்கை கெட்டால் கதவு திறக்கும்! 2005 செப்டம்பர் 9 முதல் அந்தப் பிரிவே கிடையாது. இந்தத் தங்கை வழக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வாங்கலாம். பிறந்த வீடு என்று ஒன்று அதற்குப் பிறகு மிஞ்சுமா, சொல்லத் தெரியவில்லை.

வந்து தங்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாமே என்றேன். "சொந்தத்துக்குள்ள எதுக்குங்க எழுத்தெல்லாம்?" என்றார் சின்னவர். அவள் விட்டுக்கொடுப்பதை மட்டும் எழுதலாம் போலிருக்கிறது.

ஆனாலும் அண்ணன்கள் பொல்லாதவர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. தான் புழங்கும் வீட்டை இன்னொருவர் நினைத்த நேரத்தில் திறக்கலாம் என்றால் எந்த மருமகள் சம்மதிப்பாள்? அவளும் எங்கோ ஒரு வீட்டில் சாவியை விட்டுவிட்டு வந்தவள்தானே.

யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கையெழுத்துப் போடப்போகும் தங்கைகளுக்கு ஒன்று: பதிவான விடுதலைப் பத்திரத்தை, மனம் மாறிவிட்டதென்று நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.