வண்ணம் சிதையாமல்

மனிதன் தன்னை எழுதி வைக்க விரும்பும் இடங்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. கல்லில் எழுதினான், ஓலையில் எழுதினான், வீட்டு நிலையின் மேல் எழுதினான். இன்று தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிக் கணவாய் தொடங்கிக் குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரையில், அவன் தன்னை எழுதி வைக்கும் இடம் மோட்டார் சைக்கிளே ஆகும். பெட்ரோல் டாங்கியிலும் முகப்பு விளக்கின் மேலும் மட்கார்டிலும் அவனது உறவும் பற்றும் பெருமையும் ஸ்டிக்கர்களாக ஒட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளின் பெயர்கள், குலதெய்வம், வேளாங்கண்ணி மாதா, ஒரு நடிகர், ஒரு கட்சிக் கொடி, முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் முகம் என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றோடு ஒரு சமுதாயத் தலைவரின் படமும், அதன் கீழே மீசை முறுக்குகின்ற ஒரு வரியும்.

இவை ஒட்டியவருக்கு உரியவை. ஆனால் வண்டி கைமாறுகிறது. திராட்சைத் தோட்ட வேலைக்கும், மலை மேலுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப் புறப்படும் இடத்திற்கும் போய்வர ஒரு பழைய வண்டி போதும் என்று வாங்குகின்ற இளைஞன், வண்டியோடு சேர்த்து முன்னவரின் பிரகடனங்களையும் வாங்கி விடுகிறான். அவன் குடியிருக்கும் தெருவில் அந்தப் படத்திற்கு வேறு பொருள். அதை நீக்கியாக வேண்டும். எப்படி நீக்குவது என்ற கேள்வி மெக்கானிக்கிடம் கேட்கத் தக்கது. யார், யார் கண்முன், எந்த மனத்தோடு நீக்குவது என்ற கேள்வியை நாம்தாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதற்கேள்விக்குச் சரியான விடை கண்டவர்களுக்கு இரண்டாவது கேள்வியும் ஓரளவு விளங்கும் என்பது எம் எண்ணம். ஆகவே தொழிலைப் பற்றியே முதலில் பேசுவோம்.

ஸ்டிக்கரை நீக்கப் புகுவோரில் பெரும்பாலோர் முதலில் எடுப்பது பிளேடு. அடுத்து எடுப்பது தின்னர். இரண்டும் ஸ்டிக்கரை நீக்கத்தான் செய்கின்றன. ஆனால் பிளேடின் முனை ஒருமுறை சறுக்கினால் வண்ணத்தின் மேலுள்ள நிறமற்ற பளபளப்புப் பூச்சும், அடியிலுள்ள நிறமும் கீறப்பட்டு, இரும்பு வெளியே தெரிந்துவிடும். பிறகு ஒரே மழைக்காலத்தில் அந்தக் கீறல் வழியே துரு ஏறும். தின்னர் பசையை மட்டும் கரைப்பதில்லை, வண்ணத்தையும் இளக்கும். கம்பெனியில் சூட்டில் உலர்த்திப் பூசிய வண்ணம் சற்றே தாங்கும். ஊர்ப் பட்டறையில் மறுபடி பூசியது தாங்காது. பக்கவாட்டு மூடிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றின் மேல் தின்னர் பட்டால் பொருளே வெளிறி மங்கும். இன்னும் சிலர் லைட்டரையோ மெழுகுவர்த்தியையோ பிடித்துச் சூடு காட்டுகிறார்கள். பெட்ரோல் டாங்கிக்கு அருகே தீயைக் கொண்டு செல்பவருக்கு வண்ணத்தைப் பற்றி அறிவுரை சொல்வது வீண்.

நல்ல முறை எது? முதலில் அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். ஓரங்களில் படிந்த மணலே பாதிக் கீறல்களுக்குக் காரணம். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தடித்த துணியைச் சில நிமிடங்கள் ஸ்டிக்கரின் மேல் போட்டு வைக்க வேண்டும். டாங்கியைத் தவிர மற்ற இடங்களில் தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டையும் காட்டலாம். கை பொறுக்கும் சூடே போதும். சூட்டில் பசை இளகும், ஸ்டிக்கரின் தாள் வளையும். பின்னர் ஒரு மூலையை நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ மெல்லக் கிளப்பி, மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல், பரப்பை ஒட்டியவாறே பின்புறமாக மடித்து, மிக மெதுவாக உரிக்க வேண்டும். பிடிவாதம் செய்யும் இடத்தில் நிறுத்தி, மறுபடியும் துணியை நனைத்து வைக்க வேண்டும். மிஞ்சிய பசையின் மேல் தேங்காய் எண்ணெயோ யூகலிப்டஸ் தைலமோ தடவி, சற்றுநேரம் ஊறவிட்டு, மென்துணியால் துடைத்தெடுத்தால் பசை உருண்டு வந்துவிடும். மண்ணெண்ணெயும் உதவும், ஆயினும் மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும். இறுதியில் சோப்பு நீர், அதன்பின் பாலிஷ். முழுவதற்கும் ஒரு மணி நேரம் ஆகலாம். பிளேடுக்கு ஐந்து நிமிடம்.

பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த ஸ்டிக்கர் இன்னும் கடினமானது. தாளை நெகிழ்வாக வைத்திருந்த பொருள் வற்றிப்போய், தாள் அப்பளம்போல் நொறுங்கும். பசையும் இறுகிப் போயிருக்கும். அதை ஒரே வீச்சில் உரிக்க இயலாது. துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். வேறொன்றும் உண்டு. கம்பெனியிலேயே ஒட்டி, மேலே பளபளப்புப் பூச்சு பூசப்பட்ட எழுத்துக்களை எவ்வளவு சுரண்டினாலும் வண்ணத்தைக் கெடுக்காமல் எடுக்கவே முடியாது. எது மேலே ஒட்டப்பட்டது, எது உள்ளே பூசப்பட்டது என்று விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்து முடித்தாலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் அதே உருவம் இன்னும் தெரியும்! அங்கே அழுக்கில்லை, பசையில்லை. சுற்றியுள்ள வண்ணம் வெயிலில் வெளுத்துவிட்டது. மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய நாளின் நிறத்தோடு இருக்கிறது. தலைவரின் முகமே நிழலாகத் தங்கிவிடுகிறது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் வேற்றுமை கொஞ்சம் குறையும். மிச்சத்தை அதே வெயில்தான் ஆண்டுக்கணக்கில் சமன் செய்ய வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வண்டி அவனுடையது, பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறிவிட்டது, அதன் மேலுள்ள ஸ்டிக்கரும் அவனுடையதே. விரும்பியபடி கிழித்தெறிய அவனுக்கு உரிமையில்லையா? உண்டு. ஆயினும் ஒரு முகத்தைத் தெருவில் வைத்துப் பிளேடால் சுரண்டுவது, ஒரு தாளைச் சுரண்டுவது மட்டுமன்று. நம் தென்மாவட்டங்களில் ஒரு படத்திற்கோ சிலைக்கோ நேர்ந்த அவமதிப்பிலிருந்து மூண்ட தீ எத்தனை குடிசைகளைத் தின்றிருக்கிறது என்பது நாம் அறியாததன்று. 1989-இல் போடிநாயக்கனூர்ப் பகுதியில் மூண்ட சாதிக் கலவரத்தைக் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுரண்டியவன் ஒருவனாக இருக்க, அடி வாங்குகிறவன் அவன் தெருவில் விளையாடிக் கொண்டிருந்த வேறொருவனாக இருப்பதுதான் இக்கலவரங்களின் வழக்கம்.

இங்கே வாசகரில் சிலர் சினங்கொள்ளக் கூடும். 'எங்களைத் தாழ்த்தவே அந்தப் படம் ஒட்டப்பட்டது. அதற்கு நாங்கள் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்க வேண்டுமா? அமைதி காக்கும் கடமை எந்நாளும் எளியவன் தலையில்தான் விழ வேண்டுமா?' என்று கேட்பார்கள். இக்கேள்வி நியாயமானது, எளிதில் கடந்துபோகக் கூடியதும் அன்று. இதற்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. படத்திலுள்ள மனிதர் பல வேளைகளில் அங்கே இருக்கக் கேட்டவர் அல்லர். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர்களையும், பொதுவாக எல்லார்க்கும் உழைத்தவர்களையும் அவர்கள் மறைந்த பின்னர் ஒரு தெருவின் அளவுக்குச் சுருக்கியவர்கள் நாமே. அந்த முகத்திற்கு மென்மை காட்டலாம். கீழே உள்ள மீசை வரிக்கு அந்த மென்மை தேவையில்லை. ஆனால் இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. அதனால் வீட்டு முற்றத்தில் வைத்து, முழுமையாக, எதுவும் மிஞ்சாமல் எடுத்துவிடுவது அச்சத்தின் அடையாளம் ஆகாது. அரைகுறையாகக் கிழித்து விட்டு வைப்பதைவிட அதில் உறுதி அதிகம்.

ஆனால் நீக்கும் கடமை முதலில் யாருடையது? ஒட்டியவருடையதே என்போம். இதை நம் மாநிலத்தின் அண்மை வரலாறு பெரிய அளவில் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 1997 வரை நம் அரசுப் பேருந்துகளின் பக்கங்களில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன: பாண்டியன், ராணி மங்கம்மாள், கட்டபொம்மன், மருது பாண்டியர், தீரன் சின்னமலை, நேசமணி. அவற்றை எழுதியது அரசு. அவ்வாண்டு, கட்டபொம்மனின் தளபதியாய் விளங்கிய வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்த வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள், கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் 1997 ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களும், தலைவர்களைக் குறித்த மாவட்டப் பெயர்களும் ஒருசேர நீக்கப்பட்டன. அந்த மாற்றத்திற்குச் சற்று முன்னர்தான், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்துப் பயணத்தில் மறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பெயர்களை நீக்கியது அன்றைய நிலையில் தேவையாக இருந்திருக்கலாம். ஒட்டியவரே உரித்ததும் முறைதான். ஆயினும் நம் உள்ளத்தில் ஒன்று உறுத்துகிறது. மற்றவர்களின் பெயர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடியபோது அவை யாருக்கும் இடைஞ்சலாகத் தோன்றவில்லை. அந்த ஒரு பெயர் ஏறியதும் எல்லாப் பெயர்களும் இறங்க வேண்டியதாயிற்று. வெறும் தகடாகப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே நீதி. மனிதராகப் பார்த்தால், பந்தியில் ஒருவர் வந்து அமர்ந்தவுடன் பந்தியையே எடுத்துவிட்டதை ஒக்கும் அது. சமமாக நீக்குவதும் சமமாக நடத்துவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அந்த வெற்றுப் பேருந்துகள் நெடுநாள் சொல்லிக்கொண்டு ஓடின.

அதன்பின்னும் நீக்கும் முயற்சிகள் தொடர்கின்றன. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவன் ஒருவன் உடன் பயின்றவர்களாலேயே வெட்டப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை அணியக் கூடாது என்பதோடு, சாதி அடையாளம் தீட்டிய மிதிவண்டிகளில் வருவதும் கூடாது என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, காவல், ஊடகம், வழக்கறிஞர் என்றெல்லாம் தனியார் வண்டிகளில் ஒட்டுவோருக்கு அபராதம் விதிக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 'சொல்லை எடுத்தால் சாதி போய்விடுமா?' என்று கேட்பவர்கள் புத்திசாலிகள் போல் தோன்றுகிறார்கள். போகாதுதான். ஆனால் காலையில் பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுமி, முன்னே செல்லும் பத்து வண்டிகளின் பின்புறங்களைப் படித்துத் தன் இடம் எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலை ஒருநாளேனும் குறையுமானால், அதை அற்பம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. நிழலுருவம் மறைய வெயில் வேண்டும் என்றோம். மூடியிருக்கும் வரை அது தொடங்கவே தொடங்காது.

நம் கிறிஸ்தவ இல்லங்களின் வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். மாதாவின் படத்தை மேலே ஒட்டி, சாதிப் பெயரை அதன் கீழே ஒட்டியிருக்கும் வண்டிகள் ஆலய வளாகத்திலேயே நிற்கின்றன. மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் இடையே இரண்டு அங்குலம்தான் இடைவெளி. ஒட்டியவர் கண்ணுக்கு அந்த முரண் தென்படவில்லை என்றால் பங்கில் யாரேனும் அன்போடு சுட்டிக்காட்டலாம். இன்னொன்று, சிறியதாயினும் பலர் எம்மிடம் கேட்டது: நைந்துபோன புனிதர் படத்தை உரித்த பின்னர் என்ன செய்வது? குப்பையில் இடுவதற்கு மனம் கூசும். பழைய செபமாலைக்கும் கிழிந்த செபநூலுக்கும் நம் முன்னோர் செய்ததையே இதற்கும் செய்யலாம்: எரித்துச் சாம்பலை மண்ணில் இடுவது, அல்லது யாரும் மிதிக்காத இடத்தில் புதைத்துவிடுவது. ஸ்டிக்கர் பிளாஸ்டிக் தாளானால் எரிக்கும் புகை நல்லதன்று, புதைப்பதே மேல்.

பென்னிகுயிக்கின் படத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் எந்தத் தெருவையும் சேர்ந்தவர் அல்லர். அவர் தந்த நீர் எல்லார் வயலிலும் பாய்கிறது.

உரிக்கும்போது கை தயங்கும் ஸ்டிக்கர் வேறொன்று உண்டு. கணவர் இறந்த பின்னர் குடும்பச் செலவுக்காக அவரது வண்டியை விற்க நேரும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியின் முகப்பில் இரண்டு பிள்ளைகளின் பெயர்கள் அவர் தேர்ந்த எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வாங்குகிறவருக்கு அவை அந்நியப் பெயர்கள். கடையில் தின்னர் போட்டுத் துடைத்துவிடச் சொல்வார். பணத்தை எண்ணிக் கொடுத்த பின்னும் வண்டியை ஒருநாள் அந்த வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். வெந்நீரும் துணியும் அவர்களிடமே இருக்கின்றன. உரித்தெடுத்த அந்தத் தாளைப் பிள்ளைகள் தங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.